தழைச்சத்தும் மடைத் தண்ணீரும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், உத்திரமேரூரை நெருங்கும்போது வரும் ஊர் திருப்புலிவனம். வியாக்ரபுரீஸ்வரர் கோயிலால் பலர் அறிந்த ஊர். நவரைப் பருவ நெல் நட்டு மூன்று வாரம் ஆன நாட்களில் இந்த வட்டாரத்து வயல்களைப் பார்த்தால், அன்னக்கூடையை இடுப்பில் அணைத்தபடி ஒருவர் வரப்பிலிருந்து இறங்கி, தேங்கிய தண்ணீரில் நடந்துகொண்டே வெள்ளைக் குருணையை வீசிப் போவார். யூரியாதான் அது. நாலைந்து நாளில் பயிர் பச்சை கட்டும். போட்ட உரம் வேலை செய்துவிட்டது என்று மனம் நிறையும். அந்தப் பச்சை உண்மை. ஆனால் கூடையில் இருந்த சத்தில் பாதிக்கு மேல் அந்தப் பயிருக்குள் போகவே இல்லை என்பதும் உண்மை.

அது எங்கே போனது, ஏன் போனது, எப்படித் தடுப்பது என்ற கேள்விகளை வைத்து உலகெங்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. கோவையிலும் லூதியானாவிலும் தில்லியிலும் மணிலாவுக்கு அருகே லாஸ் பானியோஸிலும் இதற்காக இளைஞர்கள் மூன்று நான்கு வருடம் சேற்றில் நின்றிருக்கிறார்கள். விடைகளும் கிடைத்திருக்கின்றன. இருந்தும் ஏரிப்பாசன வயலுக்கு அவை வரும்போது, ஆய்வேடுகள் பெரிதாகத் தொடாத இன்னொரு கேள்வி வழியை மறிக்கிறது. வயலில் நிற்கும் தண்ணீர் யார் கையில் இருக்கிறது? தழைச்சத்தின் கணக்கு, கடைசியில், இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறது என்பது என் துணிபு.

நைட்ரஜனுக்கு உழவர் மொழியில் தழைச்சத்து என்று பெயர். பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல் சத்து. இவற்றில் தழைச்சத்து என்ற பெயர் ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. செடியைத் தழைக்க வைப்பது அது. தழையிலிருந்து வந்ததும் அதுவே. கொளிஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கு, வேம்பு என்று தழையை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து சேற்றில் மிதித்த காலம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இன்று அந்தச் சத்து தழையிலிருந்து வருவது மிகக் குறைவு. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாகக் கட்டிப்போடும் வழியை ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் நிறுவிக் காட்டினார். 1913இல் ஓப்பாவில் அது ஆலையானது. நம் பக்கம் மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971இலும், தூத்துக்குடியில் ஸ்பிக் 1975இலும் யூரியா உற்பத்தியைத் தொடங்கின. குட்டைப் பயிர் நெல் இரகங்களும் மூட்டை யூரியாவும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தவை. தழைச்சத்து கூடினால் சாய்ந்துவிடும் உயரமான பழைய நெல்லுக்கு யூரியா பெரிதாகப் பயன்பட்டிருக்காது. நிமிர்ந்து நிற்கும் குட்டை நெல் அதை வாங்கி மணியாக்கியது.

அந்த மாற்றத்தால் நாம் பசியிலிருந்து மீண்டோம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யூரியாவை நஞ்சு என்று ஒரே சொல்லில் தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பருக்குள் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அடுத்து வந்த பெரும்போக நெல் அறுவடை கடுமையாகச் சரிந்தது, அரிசிக்கு வெளிநாட்டைப் பார்க்க நேர்ந்தது. இதே இலங்கையில்தான், 2019 அக்டோபரில், தெற்காசிய நாடுகள் உள்ளிட்ட பல நாடுகள் கூடி, வீணாகும் நைட்ரஜனை 2030க்குள் பாதியாக்க வேண்டும் என்று கொழும்புப் பிரகடனம் வெளியிட்டன. அந்த இலக்கு சரியானது. ஆனால் 2021இல் எடுத்த குறுக்கு வழி உழவரின் தலையில் விடிந்தது. வீணாவதை நிறுத்துவது வேறு, உரத்தையே நிறுத்துவது வேறு.

எவ்வளவு வீணாகிறது? ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரானும் ஜான்சனும் 1999இல் உலகத் தானியப் பயிர்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். இட்ட நைட்ரஜனில் 33 விழுக்காடுதான் தானியத்தில் திரும்பக் கிடைக்கிறது என்றது அது. நீர் தேங்கிய நெல் வயலில் பயிர் எடுத்துக்கொள்ளும் பங்கு பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு.

இதை ஏக்கர்க் கணக்கில் வைத்துப் பார்ப்போம். டெல்டாவும் கோவைப் பகுதியும் நீங்கலாக மற்ற இடங்களில் குறுகிய கால நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு தழை 120, மணி 40, சாம்பல் 40 கிலோ. மணிச்சத்தை டி.ஏ.பி.யாகப் போட்டால் அதிலேயே கொஞ்சம் தழைச்சத்தும் வந்துவிடும். மீதியை யூரியாவில் கொடுத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 92 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டு. இதில் பயிர் எடுப்பது முக்கால் மூட்டைச் சத்து. மற்ற ஒன்றேகால் மூட்டையில் ஒரு பகுதி மண்ணில் தங்கும், பெரும்பகுதி காற்றுக்கும் தண்ணீருக்கும் போய்விடும்.

அது எப்படிப் போகிறது என்ற கதை கோயம்புத்தூரில் தொடங்குகிறது. நெல் வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்பும். நாம் எல்லோரும் பார்த்தது. சென்னை மாகாண அரசின் வேளாண் வேதியியலாளர் டபிள்யூ. எச். ஹாரிசனும் அவருடன் பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய அய்யரும் அந்தக் குமிழிகளைப் பிடித்து என்ன வாயு என்று ஆராய்ந்தார்கள். 1913இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, நெல் சேற்றின் வாயுக்களில் பெரும்பங்கு மீத்தேனும் நைட்ரஜனும் என்று காட்டியது. சேற்றின் மேல் படிந்திருக்கும் பாசியும் நுண்ணுயிரும் கலந்த மெல்லிய படலம் உயிர்வளியை உண்டாக்கி வேருக்கு உதவுகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு சேற்றுக்குள் இரண்டு உலகங்கள். மேலே காற்றுள்ள மெல்லிய அடுக்கு, கீழே காற்றில்லாத ஆழம். அடுத்த தலைமுறையில், பின்னாளில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரான வி. சுப்பிரமணியன், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் நீர் தேங்கிய மண்ணின் உயிர் வேதியியலை ஆராய்ந்து, அங்கே நைட்ரஜன் அம்மோனியாவாகவே சேர்கிறது என்பதை 1927இல் விளக்கினார். அதன்பின் ஜப்பானில் ஷியோயிரியின் குழு இந்த இரண்டு அடுக்குகளையும் இணைத்துப் புதிரை அவிழ்த்தது. மேல் அடுக்கில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. அது கீழடுக்குக்கு இறங்கியதும் நுண்ணுயிர்கள் அதை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆலையில் பெரும் எரிபொருள் செலவழித்துக் காற்றிலிருந்து இறக்கிய சத்து, சில வாரங்களில் மறுபடியும் காற்று.

இதைவிட வேகமான திருட்டு ஒன்று பட்டப்பகலில் நடக்கிறது. தேங்கிய தண்ணீரில் வீசிய யூரியா சில நாட்களுக்குள் அம்மோனியமாக மாறுகிறது. தண்ணீரிலுள்ள பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் நண்பகலில் அந்தத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். பி.எச். அளவு 9ஐத் தாண்டுவதும் உண்டு. கார நீரில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிப் பறக்கும். வெயிலும் காற்றும் சேர்ந்துகொண்டால் இன்னும் வேகம். காலையில், தண்ணீர் நிறைய நிற்கும்போது வீசுவதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. நாம் பெரும்பாலும் செய்வது அதைத்தான். தண்ணீரை வடித்து, சேறு மினுங்கும் நிலையில், மாலையில் போட்டு, களைக்கருவியை ஓட்டிச் சேற்றுக்குள் புதைத்தால் இழப்பு வெகுவாகக் குறையும். யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் 5க்கு 4க்கு 1 என்ற கணக்கில் கலந்து ஓர் இரவு வைத்துப் போடச் சொல்வதும் இதற்காகவே. வேம்பு, அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களை மட்டுப்படுத்துகிறது.

அந்த வேம்பின் வரலாறு ஆய்வுலகத்துக்கே ஒரு பாடம். தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ராஜேந்திர பிரசாத்தும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் வேம்பு கலந்த யூரியா நெல்லில் சத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்று எழுதியது 1971இல். உள்நாட்டு யூரியா முழுவதும் வேம்பெண்ணெய் பூசியே வரவேண்டும் என்று அரசு விதித்தது 2015இல். இடையில் 44 ஆண்டுகள். அந்த ஆய்வை இளைஞராகப் படித்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகுதான் அது மூட்டைக்குள் வந்தது.

வேறொரு பொருள் எதிர்த் திசையில் பறந்து வந்தது. 2021இல் சந்தைக்கு வந்த நானோ யூரியா, அரை லிட்டர் பாட்டில் ஒன்று ஒரு மூட்டைக்குச் சமம் என்ற விளம்பரத்தோடு வந்தது. தொடக்கத்தில் வந்த பாட்டிலில் நைட்ரஜன் 4 விழுக்காடு, அதாவது 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை இலைமேல் தெளிக்கும் எந்த நுட்பமும் ஈடுகட்டாது. ஒரு டன் நெல் விளைய பயிர் 15 முதல் 20 கிலோ நைட்ரஜனை எடுத்தே ஆகவேண்டும். அது எங்கிருந்தாவது வரவேண்டும். பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் யூரியாவின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதைத் தெளித்து இரண்டாண்டு நடத்திய சோதனையில் நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது. 44 ஆண்டு காத்திருந்ததும் தவறு, போதிய சோதனைக்கு முன் கடைக்கு வந்ததும் தவறு.

சரி, நல்ல ஆய்வு ஒன்று எப்படி நடக்கிறது? இந்தத் துறையின் ஆய்வேட்டில் எனக்குப் பிடித்தது உரமே போடாத துண்டு. சோதனை வயலைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்குச் சிபாரிசு அளவு, ஒன்றுக்கு வேம்பு கலந்தது, ஒன்றுக்கு இலையைப் பார்த்துப் போடுவது என்று வகைகள் இருக்கும். நடுவில் ஒரு துண்டுக்குத் தழைச்சத்தே கிடையாது. அந்த வெளிறிய துண்டு மண்ணின் வாக்குமூலம். உரமிட்ட நெல்லும்கூடத் தனக்கு வேண்டிய நைட்ரஜனில் பாதி அல்லது அதற்கு மேல் மண்ணிலிருந்தே எடுக்கிறது. உரமில்லாத் துண்டு எவ்வளவு விளைந்தது என்று தெரியாமல் மேலுரம் எவ்வளவு வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, வெறும் துண்டில் ஹெக்டேருக்கு 3000 கிலோ, 120 கிலோ தழைச்சத்து இட்டதில் 5000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நைட்ரஜன் ஈட்டியது 17 கிலோ நெல்கூட இல்லை. 90 கிலோவிலேயே அதே 5000 கிடைத்தால் 22 கிலோவைத் தாண்டும். உரத்தின் உண்மையான விலை இந்த எண்ணில் தெரியும்.

மண் பரிசோதனையையும் குறித்த விளைச்சல் இலக்கையும் இணைத்து உர அளவு சொல்லும் முறையை பி. ராமமூர்த்தி 1967இல் வகுத்தார். தமிழ்நாட்டில் பல மண் வகைகளுக்கு அந்தச் சமன்பாடுகள் இருக்கின்றன. அதைவிட எளியது இலை வண்ண அட்டை. ஜப்பானில் பிறந்த யோசனையைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1990களில் உழவர் கைக்கு ஏற்றதாக்கியது. வெளிர்ப் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை. நட்ட 14ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை வாரம் ஒரு முறை, முழுதாக விரிந்த மேல் இலையைப் பத்துக் குத்துகளில் அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆறு இலையாவது நாலாம் பட்டையைவிட வெளிறியிருந்தால் மட்டும் ஹெக்டேருக்கு 30 முதல் 35 கிலோ தழைச்சத்து. வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் பட்டை. பயிரின் முகத்திலேயே அட்டை வைத்துப் பசியைக் கேட்பது போன்ற முறை இது. பயிர் கேட்டால் கொடு, கேட்காவிட்டால் காத்திரு.

நம் பக்கத்தில் பயிர் கருத்திருந்தால் பெருமை. கருத்த பயிரைத் தேடித்தான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வருகின்றன என்பதையும் எல்லா உழவரும் அறிவார்கள். அறிந்தும் ஏன் அதிகம் போடுகிறார்கள்? இங்கே உழவரைக் குறை சொல்வது எளிது, நியாயம் அல்ல. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு கிலோ ஆறு ரூபாய்க்கும் கீழே. டீக்கடையில் ஒரு டீ அதைவிட விலை. டி.ஏ.பி. மூட்டை 1350 ரூபாய், பொட்டாஷ் அதற்கும் மேல். 2010இல் மற்ற உரங்களின் மானியத்தைச் சத்தைப் பொறுத்து மாற்றியமைத்த அரசு யூரியாவை மட்டும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே வைத்தது. மலிவாக இருப்பதை மேலும் ஒரு கூடை வீசுவதுதான் காப்பீடு. அதோடு, பருவம் உச்சத்தில் இருக்கும்போது கூட்டுறவுச் சங்கத்திலும் உரக்கடையிலும் சரக்கு கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. கிடைத்த அன்று வாங்கி, வாங்கிய அன்றே போடும் நிலையில் உள்ளவரிடம் அட்டையைக் கொடுத்து அடுத்த வாரம் பாருங்கள் என்றால் எப்படிப் பார்ப்பார்?

இதற்கெல்லாம் மேலே தண்ணீர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்றது. ஏரியின் மதகிலிருந்து வரும் நீர் வாய்க்காலில் கொஞ்ச தூரம்தான் போகும். அதன்பின் வயலுக்கு வயல் பாயும். மேல் வயல் வரப்பை வெட்டி விட்டால்தான் கீழ் வயலுக்கு நீர். தலைமடைக்காரர் யூரியா போடுவதற்காகத் தண்ணீரை வடித்தால் அது கீழ் வயலில் போய் நிற்கும். அவர் தண்ணீர் நிற்க வீசிவிட்டால் கரைந்த சத்தில் ஒரு பகுதி அடுத்தவர் வயலுக்குப் போகும். கடைமடைக்காரருக்கு உரம் போடும் நாளில் சேறு வேண்டும், வந்து சேருவது மேலிருந்து வடிந்த வெள்ளம். சொந்த ஆழ்துளைக் கிணறும் இலவச மின்சாரமும் உள்ளவர் நீரை வேண்டும்போது பாய்ச்சலாம். வேண்டும்போது வடிப்பது அவர் கையிலும் இல்லை. மாலையில் வடித்துப் போடு என்ற சிபாரிசு, தனி வாய்க்காலும் தனி வடிகாலும் உள்ள ஆராய்ச்சிப் பண்ணைத் துண்டில் பிறந்தது. ஓர் ஏரி பாயும் ஆயக்கட்டில் அது ஒருவர் எடுக்கும் முடிவாக இருக்க முடியாது. அது ஊர் முடிவு.

ஊர் முடிவு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைக்காக உலகப் புகழ் பெற்றவை. தேர்தல் முறையை வியக்கும் நாம், எதற்காக அந்தத் தேர்தல் என்று அதிகம் கேட்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். வைரமேகத் தடாகம் என்று பெயர் கொண்ட ஏரியின் நீரையும் கரையையும் அது பார்த்துக்கொண்டது. ஏரியில் தூர் வாரினால் கொள்ளளவு கூடும். வாரிய வண்டல் வயலுக்குப் போகும். அந்த வண்டலில் சத்தும் இருந்தது. நீரையும் சத்தையும் ஒரே வாரியம் கையாண்டது. பின்னர் நீர் பொதுப்பணித் துறைக்குப் போனது, உரம் வேளாண்மைத் துறைக்கும் கடைக்கும் போனது, ஆய்வு பல்கலைக்கழகத்துக்குப் போனது. மூன்றும் வயலில் மட்டும் சந்தித்துக்கொள்கின்றன. பழைய காலத்து விளைச்சலுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இத்தனை மக்களுக்கு அது போதாது. மேல் வயலும் கீழ் வயலும் ஒரே கணக்கு என்ற அந்தப் புரிதல் மட்டும் இன்றைக்கும் தேவை.

தழையையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். நவரை அறுவடைக்கும் சம்பாவுக்கும் இடையே, ஏரியில் நீர் குறைந்து சொர்ணவாரிப் பருவ நெல் இல்லாத ஆண்டுகளில், நிலம் சும்மா கிடக்கும். கோடை மழையைப் பிடித்து தக்கைப்பூண்டு விதைத்தால் ஐம்பது நாளுக்குள் ஹெக்டேருக்கு 60 கிலோவுக்கு மேல் நைட்ரஜனைக் கட்டித் தரும். சிபாரிசு அளவில் பாதி. ஆனால் ஒருவர் மட்டும் விதைத்தால் ஊர் மாடு மேய்ந்துவிடும். ஆயக்கட்டே சேர்ந்து விதைக்க வேண்டும். சேற்றில் மடக்கிய தழை மீத்தேனைக் கூட்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேன் குறையும். அப்போது, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பம் பிடிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். ஒன்றை அழுத்தினால் இன்னொன்று எழும் இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்குத்தான் முனைவர் பட்ட ஆய்வு வேண்டும். எத்தனை கிலோ போடலாம் என்ற கேள்விக்கு இன்னும் ஓர் ஆய்வேடு தேவையில்லை.

ஆகவே வேளாண் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும், தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தழைச்சத்து ஆய்வின் துண்டுகளைப் பண்ணைக்குள் போடாதீர்கள். உத்திரமேரூர் வட்டத்தில் ஏதாவது ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமடையில் மூன்று, நடுவில் மூன்று, கடைமடையில் மூன்று உழவர் வயல்களில், உரமில்லாத் துண்டும் இலை வண்ண அட்டைத் துண்டும் போடுங்கள். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு வடியும் தண்ணீரில் எவ்வளவு நைட்ரஜன் போகிறது என்று அளந்து, ஏரி நீரைப் பயன்படுத்தும் உழவர்களைக் கூட்டி அந்த எண்ணைப் படித்துக் காட்டுங்கள். மேலுரம் போடும் வாரத்தில் மதகை எந்த நாள் மூடலாம் என்று அவர்களே முடிவெடுக்கட்டும். கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா மூட்டை வாங்குபவர் கையில் ஓர் இலை வண்ண அட்டையையும் கொடுக்கச் செய்யுங்கள். சம்பா நாற்றுவிடுவது ஆகஸ்டில். அதற்குள் தொடங்குங்கள்.